மாந்தோப்புக்கு மேலே ஆரஞ்சு மலை

தென்னாட்டு மலைகளின் கமலா ஆரஞ்சு ஏன் வாடியது என்ற புதிருக்குப் புனேயில் ஒரு விஞ்ஞானி கண்ட விடையில், அடிவாரத்து முதலமடைக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

பொள்ளாச்சியில் மீன்கரை ரோட்டைப் பிடித்து மேற்கே போனால் ஒரு மணி நேரத்துக்குள் மாநிலம் மாறிவிடுகிறது. கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. அதைத் தாண்டினால் கேரளம். ஆனால் மாறியதாகக் காதுக்குத் தெரியாது. கடைப் பலகை மலையாளத்தில், பேரம் தமிழில். மலையாளம் பேசுபவர்கள்கூட பாதி வாக்கியத்தில் தமிழுக்குத் தாவிவிடுவார்கள். ஊரின் பெயரே முதலமடை. தமிழ்க் காதுக்கு முதலையும் மடையும்தான் நினைவுக்கு வரும். கண்ணுக்குத் தெரிவதோ மாமரங்கள்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் உள்ள இந்தப் பஞ்சாயத்து, நாட்டின் மாம்பழ வியாபாரிகள் அனைவருக்கும் தெரிந்த ஊர். மற்ற இடங்களில் மாமரம் பூத்துக்கொண்டிருக்கும்போதே இங்கே காய் பறிப்பு ஆரம்பித்துவிடும். ஜனவரி, பிப்ரவரியிலேயே வடக்கத்திச் சந்தைகளுக்குப் பெட்டிகள் கிளம்பிவிடும். அல்போன்சா, பங்கனப்பள்ளி, செந்தூரம், காலாப்பாடி, கிளிமூக்கு, நீலம் என்று ரகத்துக்குக் குறைவில்லை. முந்திக்கொள்ளும் பழத்துக்குத்தானே விலை?

இந்த முந்தலுக்குக் காரணம் பூகோளம். மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்த பெரிய இடைவெளியான பாலக்காட்டுக் கணவாயின் தென்கிழக்கு ஓரத்தில் ஊர் இருக்கிறது. மழையில் நனைந்த கேரளம் என்ற சித்திரம் இந்த மூலைக்குப் பொருந்தாது. இங்கே மழை குறைவு, கணவாய்க் காற்று பலம், வெயில் தமிழ்நாட்டு வெயில். மாவுக்கு அதுதான் வேண்டும். கார்த்திகையிலேயே பூ தலைகாட்டுவது அதனால்தான்.

ரயில் நிலையம் இன்னொரு அழகு. பாலக்காடு-பொள்ளாச்சிப் பாதையில், விழுதுவிட்ட ஆலமரங்களின் நிழலில் நிற்கும் இந்தச் சிறிய நிலையத்தைத் திரைப்படக்காரர்கள் விட்டுவைக்கவில்லை. அகலப்பாதைப் பணிக்காக 2008இல் மூடப்பட்ட பாதையில் மீண்டும் ரயில் ஓட 2015 ஆயிற்று. நடைமேடையில் நின்று தெற்கே பார்த்தால் சுவர்போல எழுந்து நிற்பது நெல்லியாம்பதி மலை. மாம்பழ ஊரின் கூரையில் ஓர் ஆரஞ்சு மலை இருக்கிறது என்பது கீழே வந்துபோகும் பலருக்குத் தெரியாது.

தெரிந்தாலும் நேரே ஏற முடியாது. முதலமடைக்கு மலை கண்ணுக்கு அருகில், காலுக்குத் தூரம். இதே பஞ்சாயத்தைச் சேர்ந்த பரம்பிக்குளத்துக்கு வாகனத்தில் போக வேண்டுமானால், தமிழ்நாட்டுக்குள் புகுந்து சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகச் சுற்ற வேண்டும். நெல்லியாம்பதிக்கும் சுற்று வழிதான். கொல்லங்கோடு, நெம்மாரா என்று மேற்கே போய், போத்துண்டி அணையின் ஓரமாகத் திரும்பினால் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. தேக்குக் காடு முடிந்து ஈரக் காடு வருகிறது. பிறகு தேயிலை, காபி, ஏலம். புலயம்பாறையில் அரசின் ஆரஞ்சு, காய்கறிப் பண்ணை.

1943இல் கொச்சி சமஸ்தான அரசு தொடங்கிய பண்ணை இது. சமஸ்தானம் போய், திருக்கொச்சி வந்து, கேரளம் பிறந்தது. பண்ணை மட்டும் பெயர் மாறாமல் நிற்கிறது. வாசலில் பழரசமும் ஜாமும் வாங்கும் சுற்றுலாப் பயணிகள் கூட்டம். காய்கறி, கொய்யா, பாஷன் பழம் எல்லாம் உண்டு. ஆனால் பெயரைப் பார்த்துவிட்டு மலையெங்கும் ஆரஞ்சு குலுங்கும் என்று எதிர்பார்த்து வருபவர்களுக்கு ஏமாற்றம்தான். நெல்லியாம்பதி ஆரஞ்சு என்று ஒரு காலத்தில் பேசப்பட்ட பழம் இன்று மலையின் சிறு பயிர்களில் ஒன்று.

இது ஒரு மலையின் கதை அல்ல. தோல் எளிதில் உரியும் கமலா ஆரஞ்சு தென்னாட்டு மலைகள் பலவற்றில் காபியோடு சேர்ந்து வளர்ந்தது. குடகின் அடையாளமே அதுதான். வயநாட்டில் இருந்தது. பழநி மலையின் கீழ்ச்சரிவில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் கமலாவுக்கு மதுரை, திண்டுக்கல் சந்தைகளில் தனி மரியாதை. 1950களிலும் 60களிலும் இந்தத் தோட்டங்கள் ஒவ்வொன்றாக நலிந்தன. குடகில் ஆரஞ்சு நின்ற நிலத்தின் பெரும்பகுதி காபிக்கும் மிளகுக்கும் போயிற்று. கீழ்ப்பழநியிலும் அதேதான். நெல்லியாம்பதியும் தப்பவில்லை.

நலிவு ஒரே நாளில் வராது. நல்ல பச்சையாக நிற்கும் மரத்தில் ஒரே ஒரு கிளை மஞ்சளிக்கும். இலையில் திட்டுத்திட்டாக வெளிறல். அடுத்த பருவத்தில் கிளையின் நுனி காயும். பழம் சிறுத்து, கோணலாகி, அடிப்பக்கம் பழுக்காமல் பச்சையாகவே நிற்கும். வாயில் போட்டால் கசப்பு. விதைகள் சூம்பிப்போயிருக்கும். சில ஆண்டுகளில் மரம் விறகு.

விவசாயி என்ன செய்வார்? உரம் போதவில்லை என்று உரம் போட்டார். இலை மஞ்சளிப்பது துத்தநாகக் குறை போலவே இருந்ததால் துத்தநாகக் கரைசல் தெளித்தார். வடிகால் வெட்டினார். மண்ணைக் குறை சொன்னார், மழையைக் குறை சொன்னார், மரத்துக்கு வயதாகிவிட்டது என்றார். அதிகாரிகளும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள். நோய்க்கு வைத்த பெயரே நுனிக்கருகல். அது அறிகுறியின் பெயர்தானே தவிர, காரணத்தின் பெயர் அல்ல. காரணம் தெரியாததால் வைத்தியம் எல்லாம் பாதி பலித்தது, பாதி பலிக்கவில்லை.

பலித்ததற்கும் காரணம் உண்டு. சில தோட்டங்களில் உண்மையிலேயே மண் கெட்டிருந்தது. சிலவற்றில் வேரழுகல். வேறு சிலவற்றில் டிரிஸ்டெஸா என்ற வைரஸ். போர்ச்சுகீசிய மொழியில் அந்தச் சொல்லுக்குத் துயரம் என்று பொருள். பிரேசிலில் லட்சக்கணக்கான மரங்களைக் கொன்ற துயரம் அது. இப்படிப் பல நோய்கள் ஒரே முகமூடி போட்டுக்கொண்டு நின்றன. எது எது என்று பிரித்துச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது.

அந்த வேலையைச் செய்தவர்களில் முக்கியமானவர் எஸ்.பி. கபூர். பெரிய பதவிகளாலோ மேடைகளாலோ பெயர் வாங்கியவர் அல்ல. ஆனால் அவருடைய ஆராய்ச்சி தொடாத சமையலறை தென்னாட்டில் இருக்காது. வெண்டைக்காய்ச் செடியின் இலை நரம்பெல்லாம் மஞ்சளாகிக் காய் வெளுத்துப்போகும் நோயைத் தோட்டம் போட்ட எவரும் பார்த்திருப்பார்கள். 1940இல் அதை வைரஸ் நோய் என்று விவரித்தவர்கள் பி.என். உப்பல், பி.எம். வர்மா, கபூர் ஆகிய மூவர். 1950இல் வர்மாவும் கபூரும் அதைப் பற்றி விரிவான ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அந்த நோயைப் பரப்புவது வெள்ளை ஈ.

அதே மூவர் 1945இல் ஏலத்தோட்டத்துக்கு வந்தார்கள். நெல்லியாம்பதியிலும் இடுக்கியிலும் ஏலக்காரர்கள் இன்றும் அஞ்சும் ‘கட்டே’ நோயை வைரஸ் நோய் என்று நிறுவினார்கள். அதைப் பரப்புவது வாழை அசுவினி என்ற சிறு பூச்சி. மூன்றாவது பயிர் ஆரஞ்சு. 1958இல் ஆர்.எஸ். வாசுதேவாவும் கபூரும் அன்றைய பம்பாய் மாநிலத்தில் எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளின் நலிவுக்குப் பின்னால் டிரிஸ்டெஸா இருப்பதை வெளியிட்டார்கள்.

மூன்றிலும் ஒரே அணுகுமுறை. செடி வாடினால் மண்ணை மட்டும் பார்க்காதே, அதன் மேல் உட்கார்ந்திருப்பது யார் என்றும் பார்.

ஆரஞ்சின் மேல் உட்கார்ந்திருந்தவனை முதலில் கவனித்தவர்கள் பஞ்சாபில் இருந்தார்கள். 1927இல் அஃப்சல் ஹுசைனும் தீனா நாத்தும் சைலிட் என்ற பூச்சி பற்றி ஒரு நீண்ட அறிக்கை எழுதினார்கள். 3, 4 மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். இளந்துளிரில் தலையைக் குனிந்து, பின்பக்கத்தை உயர்த்திக்கொண்டு சாய்வாக உட்காரும். இது மொய்த்த மரங்கள் நலிவதையும் பழம் ருசி கெடுவதையும் அவர்கள் பதிவு செய்தார்கள். பூச்சி உறிஞ்சுவதால் வந்த கேடு என்று நினைத்தார்கள். பூச்சி எடுத்துக்கொண்டதல்ல, விட்டுவிட்டுப் போனதுதான் மரத்தைக் கொன்றது என்பது தெரிய இன்னும் 40 ஆண்டுகள் ஆயின.

இடையில் உலகின் வேறு மூலைகளில் முடிச்சுகள் அவிழ்ந்தன. சீனாவில் லின் குங்ஷியாங் 1956இல், மஞ்சள் தளிர் நோய் என்று அங்கே அழைக்கப்பட்டது ஒட்டுக் கட்டும்போது மரத்துக்கு மரம் தொற்றும் என்று காட்டினார். மண்ணில் உள்ள கோளாறு ஒட்டுக் கிளையோடு பயணம் செய்யாது. எனவே மண் குற்றவாளி அல்ல. 1965இல் தென்னாப்பிரிக்காவில் மெக்ளீன், ஓபர்ஹோல்சர் இருவரும் அங்குள்ள சைலிட் இனம் ஒன்று நோயைப் பரப்புவதை நிரூபித்தார்கள். பழம் பச்சையாகவே நின்றுவிடுவதால் அங்கே அதற்கு ‘கிரீனிங்’ என்று பெயர். இந்தியாவில் ஆண்டாண்டாகத் தோட்டங்களை அழித்து வந்த நுனிக்கருகலும் இதுவும் ஒன்றுதானா?

1966இல் விடை வந்தது. ஆஸ்திரேலியாவின் லிலியன் ஃபிரேசர், தல்ஜித் சிங், கபூர், டி.கே. நாரியானி ஆகிய நால்வர், ஐ.நா. உணவு, விவசாய அமைப்பின் இதழில் எழுதிய கட்டுரையில், இந்தியாவின் நுனிக்கருகலுக்குக் கிரீனிங்தான் காரணமாக இருக்கக்கூடும் என்றார்கள். மறு ஆண்டு கபூர், டி.ஜி. ராவ், எஸ்.எம். விஸ்வநாத் மூவரும் கடைசி முடிச்சை அவிழ்த்தார்கள். இந்தியாவில் நோயைப் பரப்புவது ஹுசைனும் நாத்தும் 1927இல் வர்ணித்த அதே சைலிட்தான்.

சோதனையின் தத்துவம் எளிது. நோயுற்ற மரத்தில் பூச்சியை மேயவிட வேண்டும். பிறகு அதை வலைக்குள் வளரும் நோயற்ற கன்றுக்கு மாற்ற வேண்டும். கூடவே, நோய் மரத்தையே பார்க்காத பூச்சிகளை வேறு கன்றுகளில் விட வேண்டும். அப்புறம் காத்திருக்க வேண்டும். கடினம் இந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. வெண்டைச் செடியானால் சில வாரங்களில் பதில் சொல்லிவிடும். ஆரஞ்சுக் கன்று மாதக்கணக்கில் மௌனம் காக்கும். அந்த மௌனம்தான் விவசாயியை இத்தனை காலம் ஏமாற்றியது. நோய் நுழைந்த நாளுக்கும் இலை மஞ்சளிக்கும் நாளுக்கும் இடையே இவ்வளவு தூரம் இருந்தால், இரண்டையும் யார் முடிச்சுப் போடுவது?

கபூரும் சகாக்களும் இதை வைரஸ் என்றே நினைத்தார்கள். அன்று எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். 1970இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் லாஃப்லேஷ், போவே இருவரும் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் மரத்தின் உணவுக் குழாய்க்குள் பார்த்தபோது தெரிந்தது வைரஸ் அல்ல, பாக்டீரியா போன்ற ஓர் உயிரி. அது பாக்டீரியாவேதான் என்பது பின்னர் உறுதியாயிற்று. ஆனால் பூச்சியைப் பற்றிய முடிவு மாறவில்லை. கிருமியின் பெயர் மாறினாலும் அது ஏறிவந்த வண்டி சைலிட்தான்.

இந்தக் கண்டுபிடிப்பால் தோட்டத்துக்கு என்ன லாபம்? மருந்து கிடைக்கவில்லை. இன்றுவரை நோயுற்ற மரத்தைக் குணப்படுத்தும் நிரந்தர வைத்தியம் கிடையாது. ஆனால் வைத்தியம் எங்கே தொடங்க வேண்டும் என்பது தெரிந்தது: தோப்பில் அல்ல, நாற்றங்காலில். நோய் மரத்திலிருந்து மொட்டு எடுத்து ஒட்டினால் கன்று பிறக்கும்போதே நோயாளி. சுத்தமான விதையில் முளைத்த கன்றுகூடத் திறந்தவெளி நாற்றங்காலில் துளிர்விட்டு நின்றால் சைலிட் வந்து உட்கார்ந்துவிடும். பார்வைக்குக் கொழுகொழுவென்று இருக்கும் அந்தக் கன்றை விவசாயி காசு கொடுத்து வாங்கி, மலைக்குத் தூக்கிச் சென்று நட்டு, ஆண்டுக்கணக்கில் உரம் போட்டு வளர்ப்பார். நோயை மலைக்குக் கொண்டு வந்தவர் தானேதான் என்பது அவருக்குத் தெரியாது.

அதனால்தான் இன்று எலுமிச்சை, ஆரஞ்சு ஆராய்ச்சி எல்லாம் பூச்சி புகாத வலைக்கூடங்களைச் சுற்றி வருகிறது. 1985இல் நாகபுரியில் தொடங்கப்பட்டு, பின்னர் மத்திய நிறுவனமாக உயர்ந்த சிட்ரஸ் ஆராய்ச்சி நிலையத்தின் முக்கிய வேலைகளில் ஒன்று நோயற்ற கன்று தயாரிப்பது. குருத்தின் நுனியில் ஊசிமுனை அளவு துணுக்கை மட்டும் வெட்டி, சோதனைக் குழாயில் வளரும் நாற்றின் மீது ஒட்டுகிறார்கள். கிருமி அந்த நுனிவரை எட்டியிருக்காது என்பது கணக்கு. அதிலிருந்து தாய்மரம், தாய்மரத்திலிருந்து மொட்டு, மொட்டிலிருந்து கன்று. ஒவ்வொரு படியிலும் சோதனை.

வசதியுள்ள நாடுகளே இந்த நோயிடம் தோற்றிருக்கின்றன. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 2005இல் கிரீனிங் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன் 2003-04 பருவத்தில் அங்கே சுமார் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்தது. 2024-25 பருவத்தில் ஏறக்குறைய 1.2 கோடிப் பெட்டி. புயல்களும் வீட்டு மனைகளும் தம் பங்குக்குத் தின்றன என்றாலும் முதல் குற்றவாளி அந்த 3 மில்லிமீட்டர் பூச்சி ஏந்திவந்த கிருமிதான். பணமும் ஆய்வுக்கூடமும் விமானமும் இருந்த இடத்தில் இந்தக் கதி என்றால், தாண்டிக்குடியிலும் நெல்லியாம்பதியிலும் ஆரஞ்சை விட்டுக் காபிக்கும் மிளகுக்கும் மாறிய விவசாயியைச் சோம்பேறி என்று யார் சொல்ல முடியும்?

மலையில் இன்னொரு சங்கடமும் உண்டு. சைலிட்டுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் மட்டும் வீடு அல்ல. அதே குடும்பத்தைச் சேர்ந்த கறிவேப்பிலையின் துளிரிலும் அது முட்டையிடும். கறிவேப்பிலை இல்லாத பாலக்காட்டு வீடு ஏது?

நெல்லியாம்பதியில் சீதார்குண்டு என்ற மலைமுகட்டில் பயணிகள் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். காலடியில் சமவெளி வரைபடம்போல விரிகிறது. கொல்லங்கோட்டு வயல்கள், பனைகள், வெள்ளித் தகடாக மின்னும் சுள்ளியாறு அணை. அதையும் தாண்டிக் கரும்பச்சையாகத் தெரிவது முதலமடையின் மாந்தோப்புகள். மேலே ஆரஞ்சு கற்றுக்கொண்ட பாடம் கீழே மாவுக்கு எட்டியிருக்கிறதா?

முதலமடையின் தோப்புகளில் பல, பூக்கும் முன்பே குத்தகைக்குப் போய்விடுகின்றன. குத்தகைக்காரருக்கு ஒரு பருவம்தான் கணக்கு. மரத்தின் ஆயுள் அவர் கவலை அல்ல. மரத்தை முன்கூட்டியே பூக்க வைக்க மண்ணில் ஊற்றும் மருந்து ஒருபுறம். பூவில் தத்துப்பூச்சி வந்துவிடுமோ என்று பயந்து அடிக்கும் மருந்து மறுபுறம். கடந்த சில ஆண்டுகளாக இலைப்பேன் தொல்லை வேறு. பூவையும் பிஞ்சையும் சுரண்டிக் கருகடிக்கும் இந்தப் பூச்சியாலும், தாறுமாறாகப் போன பருவத்தாலும் விளைச்சல் குறைந்து விவசாயிகள் தவிக்கிறார்கள். தவிப்பில் கை முதலில் தேடுவது தெளிப்பானைத்தான்.

அதன் விலை என்ன என்பது இந்த ஊருக்குத் தெரியாததல்ல. எண்டோசல்ஃபான் என்றதும் நாட்டுக்கு நினைவு வருவது காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்கள். ஆனால் முதலமடையின் மாந்தோப்புகளிலும் அது தெளிக்கப்பட்டது. தோப்பை ஒட்டிய குடியிருப்புகளில் குழந்தைகள் உடல், மனவளர்ச்சிக் குறைபாடுகளோடு பிறந்ததாகப் புகார்கள் எழுந்தன. 2011 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் எண்டோசல்ஃபானுக்குத் தடை விதித்தது. ஒரு மருந்து போயிற்று. காரணம் பார்க்காமல் மருந்தைத் தேடும் பழக்கம் போகவில்லை.

பூச்சிமருந்தே வேண்டாம் என்பது ஆரஞ்சின் பாடம் அல்ல. நாற்றங்காலில் சைலிட்டைத் தடுக்க மருந்தும் தேவைப்படுகிறது. எந்தப் பூச்சிக்கு, எந்தத் துளிருக்கு, எந்த வாரத்தில் என்று தெரிந்த பிறகு தேவைப்படும் மருந்து அது. தெரியாமல் தெளித்தால் முதலில் சாவது பூச்சியைத் தின்னும் பூச்சிகள். மிஞ்சுவது மருந்துக்குப் பழகிய இலைப்பேன். குடகிலும் நெல்லியாம்பதியிலும் துத்தநாகம் தெளித்தவர் வீணாக்கியது பணத்தையும் சில ஆண்டுகளையும் மட்டும்தான். மாந்தோப்பில் காரணம் தெரியாமல் தெளிப்பவர் பணயம் வைப்பது, மரத்தடியில் வேலை செய்பவர்களின் மூச்சை. அந்தக் கூலிக்காரர்களில் பலர் தோப்பை ஒட்டிய ஆதிவாசி, தலித் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள். பழம் டெல்லிக்குப் போய்விடும். அவர்கள் இங்கேதான் இருப்பார்கள்.

கபூரின் வழி மெதுவானது. வெண்டையிலிருந்து ஏலத்துக்கும் ஏலத்திலிருந்து ஆரஞ்சுக்கும் வர அவருக்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ஒரு பருவக் குத்தகைக்காரருக்கு அந்தப் பொறுமை இருக்காது. இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அந்தப் பொறுமை அரசுக்கும் வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் இருக்க வேண்டும். பூ விடும் காலத்தில் தோப்புக்குத் தோப்பு பூதக்கண்ணாடியோடு ஒருவர் போய், இது தத்துப்பூச்சி, இது இலைப்பேன், இது வெறும் பனி என்று பிரித்துச் சொன்னால் பாதித் தெளிப்பு தானாக நிற்கும்.

கார்த்திகை வந்தால் முதலமடை மறுபடியும் பூக்கும். கோவிந்தாபுரத்தில் லாரிகள் வந்து நிற்கும் முன்பே மருந்துக் கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் தோப்புக்குள் போய்ச் சேர வேண்டியவர் பூதக்கண்ணாடிக்காரர்.